மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு சாண் வயர்

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு என் உத்தியோக காலத்தில் ஒரேயொரு தடவைதான் வயர் போட்டிருக்கிறேன். அதுவும் திருகோணமலையில். இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க வெயிலே போதும். வெயில் தவறவிட்டதைத் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று பார்த்துக்கொள்ளும். இருந்தும் கொதிகலன் வந்தது, நான் வயர் போட்டேன், அது பதினைந்து வருடங்களுக்கு மேல் எரிந்தது. அந்த வயரில் ஒரு சாண் துண்டை மட்டும் நான் உடனே போடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உள்துறைமுகத்துக்குப் பின்புறமாக, நேவிக்காரர் கட்டிய மதில் ஒன்றுக்கு இப்பால், கன்னியாஸ்திரிகள் நடத்திய பிள்ளைப்பேற்று இல்லம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு கட்டில்கள், ஒரு பிரசவ அறை, பின்னால் துணி தோய்க்கும் கொட்டகை. கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்களும் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களும் அங்கே ஒரே விறாந்தையில் காத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும் இடத்துக்குச் சுடுதண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு அங்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. துணி அவிக்க, கத்தரிக்கோல் அவிக்க, தாயைத் துடைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, கடைசியில் நிலத்தைக் கழுவ. எல்லாத் தண்ணீரும் கொட்டகையில் இருந்த இரண்டு தகரப் பீப்பாக்களில் விறகால் கொதித்தது.

பீப்பாக்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தார். பாலையூற்றிலிருந்து விடிய முன் நடந்து வருவார். நாற்பது வயதிருக்கும். இல்லத்தில் எல்லோருக்கும் அவர் சுடுதண்ணி அக்கா. தலைமைக் கன்னியாஸ்திரியான மதரும் அப்படித்தான் கூப்பிட்டார். புருஷன் டொக்யார்டில் மூட்டை இறக்கியவர். வெள்ளைக்காரக் கடற்படை கொடியை மடித்துக்கொண்டு போனபோது அவருடைய வேலையும் அதனோடு போனது. முதுகுவலி மட்டும் தங்கிவிட்டது. மூன்று பெண்பிள்ளைகள். அந்த வீட்டுக்கு உள்ளே வந்த சம்பளம் அக்காவுடையது ஒன்றுதான்.

மதர் வெளிநாட்டுத் தேவாலயப் பங்கு ஒன்றுக்குக் கடிதம் எழுதி, சுடுதண்ணீர் தரும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த நாட்டில் சுடுதண்ணீர் இயந்திரம் என்றால் வீட்டின் நிலவறையில் இருந்து தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பி, மனிதரைக் குளிரில் சாகாமல் வைத்திருப்பது. அதையே அனுப்பினார்கள். கேட்டவர்கள் தங்களுக்குத் தேவையானதைச் சரியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சரியாகக் கொடுத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய பல நன்கொடைகளின் வரலாறு இவ்வளவுதான்.

பெட்டியோடு வந்த கடிதத்தில், இந்த இயந்திரத்துக்கு ஆள் தேவையில்லை, தானாகவே எரிந்து தானாகவே நிற்கும் என்று பெருமையாக எழுதியிருந்தது. இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு செயலாளர் இருந்தார். கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வசனத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டது ஏனென்றால், நான் அப்போது துறைமுகத்தில் மின்சாரப் பகுதிப் போர்மன். நேவியிடம் வேலை பழகியவன். மதர் வாய்ச்சொல்லாகக் கேட்டார். எழுத்தில் தரும்படி சொன்னேன். எழுத்தில் வந்ததும் என் மேலதிகாரிக்கு விண்ணப்பித்து, ஓய்வு நாட்களில் வெளி வேலை செய்ய அனுமதி பெற்றேன். வரைபடத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் குழுவின் கையெழுத்து வாங்கினேன். இதெல்லாம் முடிய ஆறு கிழமை. குழாய் வேலைக்கு வந்தவர் கிண்ணியாக்காரர், டொக்யார்டில் என்னோடு இருந்தவர், என்னைவிட மூப்பு. முஸ்லிம் வழக்கில் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிடுவேன். நான் கடதாசி சேர்த்து முடிக்க முன்னமே அவர் குழாய் எல்லாம் பொருத்திப் பூட்டி முடித்துவிட்டார்.

"போர்மன், ஒங்கட கடதாசி எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டா ஒரு மாசம் எரியும்" என்றார்.

சிரிப்பதற்கு அனுமதி தேவையில்லை என்பதால் சிரித்தேன். ஆனால் கையெழுத்து விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நேவிக் காலத்தில் ஒரு கிரேனில், கொக்கி உச்சிக்குப் போனதும் மோட்டரை நிறுத்தும் ஒரு சுவிட்ச் அடிக்கடி பழுதானது. வேலை தடைப்படுகிறது என்று ஒருவன் இரண்டு முனைகளுக்கும் இடையில் சின்ன வயர்த் துண்டு ஒன்றைப் போட்டுச் சுவிட்சை வேலையில்லாமல் ஆக்கினான். போட்டது ஒருவருக்கும் தெரியாது, எழுத்தில் இல்லை. அடுத்த கிழமை கொக்கி நிற்காமல் ஏறி, கம்பி அறுந்து, கீழே நின்ற ஒருவருடைய கால் போனது. வரைபடத்தில் இல்லாத வயரைக் கையெழுத்தில்லாமல் போடாதே. பத்துக் கட்டளைக்குப் பிறகு பதினோராவதாக இதை நான் வைத்திருக்கிறேன்.

வயர் போட்ட முதல் நாளே சுடுதண்ணி அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, இது எரியத் தொடங்கினா எனக்கு இஞ்ச வேலை இல்லையாம். மெய்யே?"

"அதை ஆர் சொன்னது?"

"செயலாளர் ஐயா சொன்னவர். என்னட்டச் சொல்லேல்லை. நான் நிக்கிறது தெரியாம மதரிட்டச் சொன்னவர்."

"அது குழுவின்ர விஷயம் அக்கா. நான் வயர் மட்டும்தான்."

"ஓம் ஓம். தூக்குக்கயிறு முறுக்கிறவனும் அப்பிடித்தான் சொல்லுவான், நான் கயிறு மட்டும்தான் எண்டு" என்றார். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்து, "ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.

தேத்தண்ணீரைக் குடித்தேன்.

வேலை கடினமானதல்ல. மின்சாரம் பியூஸ் பெட்டியிலிருந்து வந்து கொதிகலனின் முனைப்பலகையில் ஏறும். அதில் எட்டு முனைகள். ஐந்தும் ஆறும் தண்ணீர் போதிய அளவு கொதித்ததும் நெருப்பை நிறுத்தும் உள்சுவிட்சுக்கு. ஏழும் எட்டும் டீசலைத் தெளித்துப் பற்றவைக்கும் பகுதிக்கு. மூன்றும் நாலும் சுவரில் பூட்டும் சின்னப் பெட்டி ஒன்றுக்கு. அந்தப் பெட்டி அறையின் சூட்டைப் பார்க்கும். உள்ளே ஒரு தகடு வளைந்து நிமிர்ந்து மூன்றையும் நாலையும் சேர்க்கும் அல்லது பிரிக்கும். சேர்ந்தால் கொதிகலன் எரியும். முகப்பில் ஒரு வட்டு, பாரன்ஹைட்டில் நாற்பது பாகையிலிருந்து எண்பது வரை.

இருப்பறையின் உட்சுவரில், நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்தில், காற்றும் வெயிலும் படாத இடத்தில் பெட்டியைப் பூட்டவேண்டும் என்றது வரைபடம். இல்லத்தில் இருப்பறை கிடையாது. வார்ட்டுக்கும் கொட்டகைக்கும் இடையில் இருந்த நடையில்தான் உட்சுவர் இருந்தது. கொட்டகைப் பக்கக் கதவைச் சாத்தி வைக்கும்படி சொல்லிவிட்டு அங்கே பூட்டினேன். ஐந்தடியை அளவுநாடா வைத்து அளந்துதான்.

ஆடி மாதத்தில் வேலை முடிந்தது. மந்திரிப்பதற்குப் பங்குத் தந்தை வந்தார். மதர், குழு, தாதிமார், பிள்ளை பெற்று மூன்றாம் நாள் எழும்பி வந்த ஒரு தாய், எல்லோரும் நின்றார்கள். சுடுதண்ணி அக்கா பின்னால், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். தந்தை தீர்த்தம் தெளித்தார். நான் ஒரு துணியால் முனைப்பலகையை மூடிப் பிடித்தேன். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றும் எரியவில்லை.

ஐந்து நிமிடம் நின்றோம். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சூடாகிறதுக்கு நேரம் எடுக்குமாக்கும்" என்றார் தந்தை.

"நெருப்பு எண்டு ஒண்டு வேணுமே சுவாமி" என்றார் காக்கா.

மூன்று நாள் தேடினேன். வயர் ஒவ்வொன்றையும் சோதனை விளக்கு வைத்துப் பார்த்தேன். மூன்றாம் முனை வரை மின்சாரம் வந்தது, நாலாவதில் இல்லை. ஆகவே பிழை சுவர்ப் பெட்டியில். கழற்றிப் பார்த்தேன். தகடு பிரிந்தே நின்றது. வட்டை எண்பதுக்குத் திருப்பினேன். அப்போதும் பிரிந்தே நின்றது. அந்த நாட்களில் நடையில் தொண்ணூற்றைந்து பாகை. இவ்வளவு சூட்டில் சேராத பெட்டி பழுதான பெட்டிதான் என்று முடிவு செய்தேன். உறுதியாக, அளந்து பார்த்து, எழுத்தில்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். நேவியில் நான் பூட்டிய சூட்டுப் பெட்டிகள் அத்தனையும் குளிர்களஞ்சியங்களுக்கு. இறைச்சி வைக்கும் அறை, மீன் வைக்கும் அறை, அதிகாரிகளின் வெண்ணெய் வைக்கும் அறை. அவற்றில் சூடு ஏறினால் தகடு சேரும், மோட்டர் ஓடும், அறை குளிரும். டொக்யார்டில் படித்த எந்த மின்சாரக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்: சூடானால் சேரும், குளிர்ந்தால் பிரியும். குளிரில் எரியவேண்டிய பெட்டி ஒன்றை நாங்கள் கண்டதில்லை. கையேட்டில் 'அறைக்குத் தேவைப்படும்போது பெட்டி அழைக்கும்' என்று மட்டும் இருந்தது. அறைக்கு எப்போது தேவைப்படும் என்பதை எழுதவில்லை. அந்த நாட்டில் அதைக் குழந்தைக்கும் சொல்லத் தேவையில்லை.

பெட்டியைத் திரும்பச் சுவரில் பூட்டி, பழுதெனக் குறித்த சீட்டைக் கட்டி, புதிய பெட்டி அனுப்பும்படி மதருக்காக ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். கப்பல் தபால். பதில் வர மூன்று மாதமாவது ஆகும். சிவப்பு விளக்கை அணைக்கவேண்டாம், சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், ஈரம் பிடிக்காமல் இருக்கும் என்று சொன்னேன். அக்கா தன் பீப்பாக்களுக்குத் திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணீரில் சீனி கூடுதலாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் காக்கா என் வேலைத்தலத்துக்கு வந்தார். வலது கையில் வாழைமட்டை வைத்துத் துணி சுற்றியிருந்தது.

"போர்மன், எரியாத பொயிலர் சுடுமா?"

"சுடாது."

"என்ர கையைச் சுட்டிருக்கு. ஒரு குழாய்ப் பூட்டு ஒழுகுது எண்டு மதர் கூப்பிட்டா. பச்சைத்தண்ணி எண்டு நெனச்சுக் குழாயில கை வெச்சன். தோல் போயிட்டு. ஒங்கட கடதாசியில அது பழுது எண்டு கிடக்கு. கடதாசி சொல்றது சரியா, கை சொல்றது சரியா?"

அன்று மாலையே சைக்கிளில் போனேன். விறகுக் குவியல் பத்து நாளைக்கு முன் இருந்த உயரத்திலேயே இருந்தது. பீப்பாக்கள் இரண்டிலும் ஆவி பறந்தது. அவற்றின் கீழே சாம்பல் குளிர்ந்து கிடந்தது. உள்ளே கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. நடைக்குப் போனேன். கொட்டகைப் பக்கக் கதவு அகலத் திறந்திருக்க, கச்சான் நேராக உள்ளே அடித்தது. என் சுவர்ப் பெட்டியின் மேல், பழுதென்ற சீட்டுக்கும் மேலாக, ஒரு ஈரத் துவாய் மடித்துப் போட்டிருந்தது.

துவாயை எடுத்தேன். சிறிது நேரத்தில் கொதிகலன் நின்றது. திரும்பப் போட்டேன். மெதுவாக, உள்ளே டிக் என்று ஒரு சத்தம். எரிந்தது.

ஒரு மின்சாரப் போர்மன் நடுநடையில் நின்று துவாயைப் போட்டும் எடுத்தும் கொண்டிருந்ததை அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாளா?" என்று கேட்டேன்.

"நீங்கள் கடிதம் எழுதின மற்ற நாளே. துவாய் காயப்போட இடமில்லாமல் அதில போட்டனான். இந்தக் காத்துக்கு அதில கெதியாக் காயும். போட்டு ஒரு கொஞ்ச நேரத்தில உங்கட பிசாசு எழும்பி உறுமுது. துவாய் காய, படுக்குது. நனைச்சுப் போட, எழும்புது. தண்ணிப்பானைக்கு ஈரச்சாக்கு சுத்திறமே, அதுமாதிரித்தான். குளிர்ந்தா இதுக்கு வேலை செய்ய விருப்பம்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"தண்ணி கொதிக்கவேணும், அதுதானே என்ர வேலை. கொதிச்சுது. விறகால கொதிக்கவச்சனோ துவாயால கொதிக்கவச்சனோ எண்டு ஆர் கேட்டது?" குரலைத் தாழ்த்தினார். "சொன்னா என்னை வீட்ட போகச் சொல்லுவினம். நீங்கள் சொல்லப்போறியளோ?"

அவர் நெருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அந்தக் கண்டுபிடிப்பே தன் வேலையைத் தின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது இரக்கமல்ல, வெட்கம். இருபது வருடம் சூட்டுப் பெட்டி பூட்டியவன், மூன்று நாள் சோதனை விளக்கோடு திரிந்து தலைகீழாக முடிவெடுத்து, அதை எழுத்திலும் கொடுத்திருந்தேன். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. ஊர்தான் அதற்குப் பிழையான ஊர்.

செய்யவேண்டியதும் உடனே விளங்கியது. மூன்றாம் முனைக்கும் நாலாம் முனைக்கும் இடையில் ஒரு சாண் வயர். சுவர்ப் பெட்டியை மறந்துவிடலாம். தண்ணீர் கொதித்தால் உள்சுவிட்ச் நிறுத்தும், ஆறினால் திரும்ப எரியும்; நன்கொடையாளர் எழுதியபடி ஆள் தேவையில்லை. வயர் என் பையில் இருந்தது. ஐந்து நிமிட வேலை.

"மறைக்க ஏலாது அக்கா. நான் எழுதிக் குடுத்தது பிழை. திருத்தி எழுதத்தான் வேணும்" என்றேன்.

"எழுதுங்கோ" என்றார். துவாயை எடுத்து வாளியில் நனைத்து, பிழிந்து, திரும்பப் பெட்டியின் மேல் போட்டார். அன்று தேத்தண்ணீர் வரவில்லை.

குழு அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கூடியது. என் அறிக்கையை நானே வாசித்தேன். முதல் அறிக்கை தவறானது, தவறு என்னுடையது என்று தொடங்கினேன். கொதிகலன் கையெழுத்திட்ட வரைபடத்தின்படி பூட்டப்பட்டுள்ளது, வேலை செய்கிறது. அது எரிவதற்குச் சுவர்ப் பெட்டியை ஈரத் துணியால் குளிர வைக்கவேண்டும். துணி காயக் காய நனைக்கவேண்டும். மாரியில் மழை நாட்களில் விடியற்காலை நடை எண்பது பாகைக்குக் கீழே இறங்கும்போது அது தானாகவே எரியத் தொடங்கும். எந்த நேரத்தில் எரியும் என்று சொல்லமுடியாததால் தண்ணீரின் மட்டம் பார்க்க ஒருவர் நிற்கவேண்டும். ஆகவே தற்போதைய நிலையில் ஒரு நிரந்தரப் பொறுப்பாள் தேவை.

செயலாளர் தலைமைக் கிளாக்கராக இருந்தவர் அல்லவா, 'தற்போதைய நிலையில்' என்ற சொல்லில் வந்து நின்றார்.

"மிஸ்டர் போர்மன், அந்தச் சுவர்ப் பெட்டி எங்களுக்கு என்னத்துக்கு? இஞ்ச ஒருத்தரும் குளிரில நடுங்கேல்லையே. அதை எடுத்துவிட்டா?"

"எடுத்துவிடலாம்."

"என்ன செய்யவேணும்?"

"ஒரு சாண் வயர். மூண்டுக்கும் நாலுக்கும் நடுவில."

"பிறகு ஆள் வேணுமோ?"

"வேண்டாம்."

மதர் என்னைப் பார்த்தார். வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற சுடுதண்ணி அக்கா என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

"அப்ப போடுங்கோவன், இண்டைக்கே" என்றார் செயலாளர்.

"போடுறன். வரைபடத்தில இல்லாத வயர். இதில ஒரு கையெழுத்து வேணும்." கையெழுத்து வைப்பவர் சொல்வதாக முதலே எழுதிக் கொண்டுவந்திருந்த ஒரு கடதாசியை மேசையில் வைத்தேன். இயந்திரத்தைச் செய்தவர்கள் அனுப்பிய ஒரு கட்டுப்பாட்டு உறுப்பை அவர்களின் சம்மதமில்லாமல் நீக்க உத்தரவிடுகிறேன். இதனால் கட்டடத்துக்கோ, நோயாளருக்கோ, பிறந்த பிள்ளைகளுக்கோ ஏற்படக்கூடிய எதற்கும் நானே பொறுப்பு. கீழே ஒரு புள்ளிக்கோடு.

அவர் பேனையைத் திறந்தார். முதல் எழுத்தைப் போட மையும் கடதாசியில் பட்டது. அவர் கையெழுத்திட்டால் நான் போட்டே ஆகவேண்டும். என் கட்டளை எனக்கும் பொருந்தும். பிறகு அவர் கண் திரும்ப மேலே போய் 'பிறந்த பிள்ளைகளுக்கோ' என்ற இடத்தில் நின்றது.

"இது ஆபத்தான காரியமோ?"

"நான் நினைக்கேல்லை ஐயா."

"அப்ப நீங்களே வைக்கலாமே?"

"எனக்கு அதிகாரம் இல்லை. நான் குழுவின்ர உத்தரவுக்கு வேலை செய்யிறவன்."

"மதர்?"

"நான் மெஷின் ஒண்டும் படிக்கேல்லை" என்றார் மதர். அவர் முகம் பூசையில் இருந்தது போலவே இருந்தது.

கச்சேரியில் முப்பது வருடம் இருந்த ஒருவர் இப்படிப்பட்ட கடதாசியில் கையெழுத்திட மாட்டார் என்று நான் முன்பே கணக்கிட்டேனா என்று பிற்காலத்தில் காக்கா கேட்டார். கணக்கிடவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ஆனால் அந்தக் கடதாசியில் ஒரு பொய்யும் இல்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் அதையேதான் வைத்திருப்பேன்.

செயலாளர் பேனையை மூடினார்.

"செய்தவையிட்ட எழுதிக் கேளுங்கோ. அவை கையெழுத்து வைக்கட்டும். அதுவரைக்கும் இப்பிடியே ஓடட்டும்."

தட்டு மேசைக்கு வந்தது. செயலாளருக்கு, தந்தைக்கு, மதருக்கு, பிறகு எனக்கு. என் கோப்பையில் பாதிக்குப் பாதி சீனி.

எழுதினேன், முன்பு கேட்ட புதிய பெட்டி வேண்டாம் என்றும் சேர்த்து. முறை முறைதானே. நான்கு மாதத்தில் பதில் வந்தது, இல்லத்தின் பெயருக்கு, மதரின் கைக்கு. அப்போது மாரி. மதர் என்னைக் கூப்பிட்டு உறையைத் தந்தார். பிரித்து, வாசித்து, அழகாகத் திரும்ப மடித்திருந்தது. செய்தவர்களின் பொறியியலாளர் பணிவாக எழுதியிருந்தார்: உங்களுடையது வெப்ப நாடென்பதை நாங்கள் கவனிக்கவில்லை, மன்னிக்கவும், சுவர்ப் பெட்டியைக் கழற்றி மூன்றாம் நான்காம் முனைகளை ஒரு வயரால் இணைத்துக்கொள்ளலாம், ஆபத்தில்லை. கீழே கையெழுத்து. முத்திரைகூட.

"இதில எப்ப செய்யவேணும் எண்டு திகதி போட்டிருக்கோ?" என்று மதர் கேட்டார்.

திரும்ப வாசித்தேன். "இல்லை மதர்."

"செயலாளர் இப்ப கொழும்பில மகனோட. வந்து கேட்டா குடுப்பம். அதுவரைக்கும் இந்தக் கடதாசிக்கு முறைப்படி என்ன செய்யிறது?"

"வந்ததெண்டு பதிஞ்சு, கோப்பில வைக்கிறது."

"அப்ப முறைப்படி செய்யுங்கோ."

பதிந்தேன். கோப்பில் வைத்தேன். செயலாளர் கொழும்பிலிருந்து வரவில்லை, மகனோடேயே இருந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த செயலாளர்கள் பழைய கோப்புகளைத் திறப்பவர்கள் அல்ல. திறந்து கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

சுடுதண்ணி அக்கா துவாயோடு பதினான்கு வருடம் வேலை செய்தார். கச்சானில் கதவைத் திறந்து வைத்து நாளுக்குப் பத்துத் தடவை நனைத்தார். மாரியில் துவாய் தேவையில்லை. குடையை மடித்துக்கொண்டு அவர் நுழையும்போதே அது எரிந்துகொண்டிருக்கும். "எனக்கு முன்னம் எழும்பிட்டியோ சனியனே" என்று அதைத் திட்டிக்கொண்டே மட்டம் பார்ப்பார். பெட்டியில் நான் கட்டிய பழுதென்ற சீட்டை அவர் கழற்றவிடவில்லை. யாராவது அதிகாரி வந்து பார்த்தால், பழுதான பெட்டியைத் தான்தான் ஓட்டுவதாகச் சொல்ல வசதியாம். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் கலியாணம் முடித்தார்கள். கடைசிப் பிள்ளை தாதியாகப் படித்து அதே இல்லத்தின் வார்ட்டில் வேலைக்கு வந்தார்.

அந்தப் பிள்ளை நிரந்தரமான பிறகுதான் அக்கா தன் வேலையை விடுவதாக மதரிடம் சொன்னார். முழங்கால் ஏலாது என்றார். அந்தக் கிழமை எனக்கும் ஓய்வு நெருங்கியிருந்தது. அவருடைய கடைசி நாளில் கோப்பைத் திறந்து, பொறியியலாளரின் கடிதத்தை எடுத்து, மதரிடம் திகதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பியூஸைக் கழற்றினேன். முனைப்பலகையைத் திறந்தேன். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு சாண் வயரைப் போட்டு இறுக்கினேன். வரைபடத்தின் இரண்டு பிரதிகளிலும் அதைச் சிவப்பு மையில் வரைந்தேன்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். துவாய் தோளில் கிடந்தது.

"இவ்வளவுதானோ?"

"ஓம். இவ்வளவுதான்."

"அண்டைக்கே பையில இருந்ததோ இந்த வயர்?"

"இருந்தது."

பியூஸைப் போட்டேன். கொதிகலன் உடனே எரிந்தது. துவாயும் இல்லை, காற்றும் இல்லை; ஆள் தேவையில்லை. அக்கா துவாயைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார்.

"அண்டைக்குப் போட்டிருந்தியளெண்டா" என்றார், "உங்களுக்கு இஞ்ச தேத்தண்ணி ஊத்த ஒரு நாயும் இருந்திருக்காது." பிறகு குசினிப் பக்கம் போனார். கேத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.